சுமை ஏற்றுமுன் வலிமை அறிக



மாடி கட்ட நினைப்பவர், கீழேயுள்ள சுவரும் அஸ்திவாரமும் அதைத் தாங்குமா என்று கொத்தனாரை அழைத்துக் கேட்கிறார். கிணற்றுக்கு மோட்டார் வாங்குபவர், வீட்டின் மின்கம்பி அதற்குப் போதுமா என்று விசாரிக்கிறார். வண்டியின் சுமையைப் பற்றி வள்ளுவர் மயிற்பீலியை வைத்துச் சொன்ன பாடத்தை, ‘வலியறிதல்’ அதிகாரத்தில் நாம் பள்ளிப் பருவத்திலேயே படித்திருக்கிறோம். ஆயினும் வீட்டிலுள்ள கணிப்பொறியின் விஷயத்தில் மட்டும் இந்த எச்சரிக்கை நம்மிடம் காணப்படுவதில்லை. புதிய பாகம் ஒன்றை ஆசையோடு வாங்கி வந்து பொருத்துகிறோம். அதைத் தாங்க வேண்டிய பாகத்துக்கு அந்த வலிமை உண்டா என்று கேட்பதில்லை. இதனால் விளையும் கேடு பண நஷ்டத்தோடு நிற்பதில்லை; குடும்பத்தின் நிம்மதியையும் தொடுகிறது. அதனை எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மதரஸா ஆசிரியருக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் மதரஸாவில் மாணவர்களுக்கென்று சிறிய கணிப்பொறி அறை ஒன்று உண்டு. அதனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. கலைப்பிரிவில் பட்டம் பெற்ற எனக்கு மின்சாரக் கணக்கு ஒருபோதும் பாடமாக இருந்ததில்லை. ஆனால் இங்கே தேவைப்படுவது கூட்டலும் பெருக்கலும் மட்டுமே. மாதாமாதம் மளிகைக் கணக்கு எழுதும் நம் தாய்மார்கள் எவரும் இதனைச் செய்துவிடலாம்.

இரண்டு பாகங்கள்

முதலில் இரண்டு பாகங்களை அறிந்துகொள்வோம். ஒன்று, கிராபிக்ஸ் கார்டு. திரையில் தோன்றும் படங்களைக் கணக்கிட்டு உருவாக்குவது இதன் வேலை. கணிப்பொறியின் மூளை எனப்படும் பிராசசர், கடினமான வேலைகளை ஒருசில கைகளால் விரைந்து முடிக்கும் தேர்ந்த கைவினைஞரைப் போன்றது. கிராபிக்ஸ் கார்டோ, எளிய வேலையை ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் செய்யும் நடவு வயலைப் போன்றது. என்விடியா நிறுவனம் 2021-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஆர்.டி.எக்ஸ். 3060’ என்னும் கார்டில் இத்தகைய சிறு கணக்கிடும் அலகுகள் 3,584 இருக்கின்றன. விளையாட்டுக்காக மட்டுமே இது வாங்கப்படுகிறது என்று பெரியவர்கள் பலர் எண்ணுகிறார்கள். கட்டடக் கலை, அச்சு வடிவமைப்பு, வீடியோ தொகுப்பு முதலிய படிப்புகளுக்கும் தொழில்களுக்கும் இது மிகவும் பயன்படுகிறது.

மற்றொன்று, கடைக்காரர்களும் பழுது நீக்குவோரும் ‘எஸ்.எம்.பி.எஸ்.’ என்று அழைக்கும் மின்வழங்கி. கேபினட்டின் ஒரு மூலையில் இரும்புப் பெட்டியாக அமர்ந்திருப்பது இதுவே. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை இது வாங்கி, முந்நூறு வோல்ட்டுக்கும் மேற்பட்ட நேர்மின்சாரமாக மாற்றி, நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டிச் சிறிய மின்மாற்றி ஒன்றின் வழியே செலுத்தி, இறுதியில் 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்ற மூன்று அளவுகளில் பாகங்களுக்குப் பகிர்ந்தளிக்கிறது. பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் உண்பது 12 வோல்ட் மின்சாரத்தையே. இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் வரும் கணக்கு முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

எஸ்.எம்.பி.எஸ். சத்தமின்றித் தன் வேலையைச் செய்யும். வீட்டுக்கு வருவோர் யாரும் அதைப் பார்த்துப் பாராட்டப் போவதில்லை. ஆகையால் கணிப்பொறி வாங்கும்போது பணத்தை எங்கே குறைக்கலாம் என்று தேடுகிறவர்களின் கை, முதலில் இதன் மேல்தான் விழுகிறது.

ஒரு குடும்பத்தில் நிகழ்ந்தது

எங்கள் ஊரில் ஒரு குடும்பம். தகப்பனார் குவைத்தில் ஓட்டுநர். மகன் கட்டடக் கலை பயிலும் மாணவன். சிறு வயதில் எங்கள் மதரஸாவில் ஓதியவன். கல்லூரியில் கட்டடங்களின் மாதிரிப் படங்களைக் கணிப்பொறியில் உருவாக்கிக் காட்ட வேண்டியிருந்ததால், நான் மேலே சொன்ன கார்டு தேவைப்பட்டது. ஏறத்தாழ 26,000 ரூபாய். தகப்பனார் இரண்டு மாதம் கூடுதல் நேரம் வண்டி ஓட்டி அந்தப் பணத்தை அனுப்பினார். கடையில் கார்டை வாங்கி, அங்கேயே பொருத்தி, ஓட்டிக் காட்டி, ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

பத்து நாட்கள் ஒரு குறையும் இல்லை. கோடுகள் வரையும்வரை இயந்திரம் நன்றாகவே ஓடியது. வரைந்த கட்டடத்தை வெயிலும் நிழலுமாக முழுப் படமாக்கும் வேலையைத் தொடங்கியதும், சில நிமிடங்களில் திரை இருண்டு இயந்திரம் அணைந்துவிட்டது. மீண்டும் மீண்டும் அதுவே நிகழ்ந்தது. கடைக்குத் தூக்கிச் சென்றார்கள். கடையில் சிறிது நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, “கார்டில் ஒன்றும் இல்லை. பையன் இரவெல்லாம் கேம் ஆடிச் சூடேற்றியிருப்பான்” என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த ஒரு சொல் தொலைபேசி வழியே குவைத் சென்றது. வெயிலில் வண்டி ஓட்டிச் சேர்த்த பணம் என்ற வேதனையில் தகப்பனார் மகனைக் கடுமையாகப் பேசிவிட்டார். மகன் பதில் பேசவில்லை. அதன்பின் அத்தாவின் தொலைபேசி வந்தால் எழுந்து வெளியே போய்விடுவான். கல்லூரியில் படங்களை ஒப்படைக்கும் நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் அஸருக்குப் பிறகு அந்தத் தாய் எங்கள் வீட்டுக்கு வந்து, என் மனைவியின் அருகில் நின்றுகொண்டு, “ஹஜ்ரத், அவன் பொய் சொல்ற பிள்ளை இல்லை. அவங்க அத்தா நம்ப மாட்டேங்கிறாங்க. நீங்க ஒருதடவை வந்து பாருங்க” என்றார்.

சென்று பார்த்தேன். கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி எஸ்.எம்.பி.எஸ். மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்ததில் செய்தி வெளிப்பட்டுவிட்டது. பெரிய எழுத்தில் ‘450’ என்று அச்சிட்டிருந்தது. அதன் கீழே, கண்ணாடி போட்டாலன்றிப் படிக்க இயலாத சிறிய எழுத்தில், 12 வோல்ட்டுக்கு நேராக ‘16 ஆம்பியர்’ என்று இருந்தது.

சிறிய எழுத்தின் கணக்கு

வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் வரும். 12-ஐ 16-ஆல் பெருக்கினால் 192. ஆக, 450 என்று பெயர் பெற்ற அந்தப் பெட்டி, பெரிய பாகங்கள் இரண்டும் உண்ணும் 12 வோல்ட் வழியில் தரக்கூடியது 192 வாட் மட்டுமே. எஞ்சியவை 5 வோல்ட், 3.3 வோல்ட் வழிகளின் கணக்கில் எழுதப்பட்டவை. அந்த வழிகளை இக்காலக் கணிப்பொறி அவ்வளவாக உபயோகிப்பதே இல்லை.

இனித் தேவையைப் பார்ப்போம். கார்டின் தேவை 170 வாட். அந்தக் கணிப்பொறியில் இருந்த பிராசசர் ‘இண்டெல் கோர் ஐ5-12400’. அதன் அடிப்படைத் தேவை 65 வாட் என்று குறிப்பிடப்பட்டாலும், முழு வேகத்தில் 117 வாட் வரை ஏறும் என்று அதன் தயாரிப்பாளரே அறிவித்திருக்கிறார். மதர்போர்டு, நினைவகம், தகவல் சேமிக்கும் வட்டு, காற்றாடிகள் ஆகியவற்றுக்குச் சுமார் 50 வாட் வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 337 வாட். 192 வாட் தரக்கூடியவனின் தலையில் 337 வாட் சுமை!

பத்து நாட்கள் ஓடியது எப்படி? கார்டு சும்மா இருக்கும்போது பத்துப் பதினைந்து வாட் அளவே உண்ணும். கோடு வரையும்போது சற்றுக் கூடும். முழுப் படம் உருவாக்கும்போதுதான் அதன் அலகுகள் அனைத்தும் ஒன்றாக விழித்தெழுகின்றன. அந்நேரம் தாங்கமாட்டாத எஸ்.எம்.பி.எஸ். தன் மின் அழுத்தத்தைத் தாழவிடும். 12 வோல்ட் என்பது ஏறக்குறைய ஐந்து விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது என்பது பொதுவான விதி, அதாவது 11.4-க்குக் கீழே இறங்கலாகாது. இறங்கினால் இயந்திரம் அணையும், அல்லது தானே மறுபடி தொடங்கும். கடையில் சிறிது நேரம் ஓட்டிக் காட்டியதில் இது வெளிப்படாததற்கும் காரணம் இதுவே.

இன்னுமொரு விஷயமும் இருந்தது. அந்தக் கார்டுக்கு எட்டு முனை கொண்ட தனி மின் இணைப்பு வேண்டும். அந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. அதனால் வட்டுக்குரிய ‘சாட்டா’ இணைப்பிலிருந்து மாற்றுக் கம்பி ஒன்றைப் போட்டு இணைத்திருந்தார்கள். எட்டு முனை இணைப்பு 150 வாட் வரை சுமக்க அமைக்கப்பட்டது. சாட்டா இணைப்பின் 12 வோல்ட் முனைகள் சுமக்கக்கூடியது 54 வாட். அந்த இணைப்பின் வெள்ளைப் பிளாஸ்டிக் ஓரத்தில் பழுப்பேறியிருந்தது. இன்னும் சில நாட்கள் சென்றிருந்தால் பழுப்பு கருப்பாகியிருக்கும். அந்தப் பையன் இரவில் அந்த அறையில்தான் தன் தம்பியோடு உறங்குகிறான். அல்லாஹ் காப்பாற்றினான்.

அங்கிருந்தே தகப்பனாரைத் தொலைபேசியில் அழைத்து, மேற்கண்ட கணக்கை ஒவ்வொன்றாகச் சொன்னேன். லாரியின் தாங்குதிறனை அறிந்த ஓட்டுநர் அல்லவா! நான் முடிக்கும் முன்பே அவருக்கு விளங்கிவிட்டது. சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “தம்பிகிட்ட போனைக் குடுங்க ஹஜ்ரத்” என்றார். கொடுத்துவிட்டு நான் வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த நாள், தரமான 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். ஒன்றைச் சுமார் 4,500 ரூபாய்க்கு வாங்கிப் பொருத்தினார்கள். அதே கார்டு, அதே பையன். முழுப் படம் விடிய விடிய ஓடி முடிந்தது.

எவ்வளவு போதும்?

தேவை 337 வாட் என்றால் 350 வாட் எஸ்.எம்.பி.எஸ். போதாதா என்று சிலர் கேட்கலாம். போதாது. கிராபிக்ஸ் கார்டின் உணவு ஒரே சீராக இருப்பதில்லை. நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு போன்ற மிகச் சிறு நேரங்களில், குறிப்பிட்ட அளவை வெகுவாகத் தாண்டி இழுத்துவிட்டு மறுபடி இறங்கும். இதனை உணர்ந்தே, 2022-ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட ‘ஏ.டி.எக்ஸ். 3.0’ என்ற விதிமுறை, பெரிய கார்டுகளுக்கான எஸ்.எம்.பி.எஸ். தன் வலிமையைப் போல் இரு மடங்கு வரையிலான இழுப்பை, நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குத் தாங்க வேண்டும் என்று கூறுகிறது. ஆகவே மொத்தத் தேவையைப் போல் ஒன்றரை மடங்கு வலிமை உள்ளதைத் தேர்வது நல்லது. 337-இன் ஒன்றரை மடங்கு ஏறத்தாழ 505. இந்தக் கார்டுக்கு 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். வேண்டும் என்று தயாரிப்பாளர் குறிப்பிட்டிருப்பதும் இக்கணக்கோடு ஒத்துப்போகிறது.

கார்டுகளின் பசி ஆண்டுக்கு ஆண்டு கூடி வருவதையும் கவனிக்க வேண்டும். 2016-இல் உயர்ந்த ரகமாக வந்த ‘ஜி.டி.எக்ஸ். 1080’ கார்டின் தேவை 180 வாட். 2022-இல் வந்த ‘ஆர்.டி.எக்ஸ். 4090’ கார்டின் தேவை 450 வாட். 2025-இல் வந்த ‘ஆர்.டி.எக்ஸ். 5090’ கார்டுக்கு 575 வாட் வேண்டும். அதற்கு 1,000 வாட் எஸ்.எம்.பி.எஸ். பரிந்துரைக்கப்படுகிறது. 4090 வெளிவந்த சில வாரங்களிலேயே, அதன் பதினாறு முனை மின் இணைப்பு உருகியதாகப் பல நாடுகளிலிருந்து புகார்கள் எழுந்தன. ஏறத்தாழ 50 புகார்கள் வந்ததாகவும், இணைப்பை முழுமையாக அழுத்திச் செருகாதது பொதுவான காரணமாகக் காணப்பட்டதாகவும் என்விடியா நிறுவனம் 2022 நவம்பரில் தெரிவித்தது. அடுத்த ஆண்டே அந்த இணைப்பின் அமைப்பும் திருத்தப்பட்டது. வலிமை போதுமானதாக இருந்தாலும், இணைப்பு அரைகுறையாக இருந்தால் ஆபத்தே என்பதற்கு இது சான்று.

எல்லோரும் பெரிய எஸ்.எம்.பி.எஸ். வாங்கித்தான் தீர வேண்டும் என்பதில்லை. விரலுக்கேற்ற வீக்கம் என்பார்கள். மதர்போர்டில் கார்டைச் செருகும் இடமே 75 வாட் வரை தரக்கூடியது. 2024-இல் வந்த ‘ஆர்.டி.எக்ஸ். 3050’ கார்டின் 6 ஜி.பி. வகை, 70 வாட்டிலேயே இயங்குவதால் அதற்குத் தனி மின் இணைப்பே வேண்டியதில்லை. அலுவலகங்கள் கழித்துவிட்ட நிறுவனக் கணிப்பொறிகளை வாங்கி உபயோகிக்கும் குடும்பங்கள் நம்மிடையே அதிகம். அவற்றில் 240 வாட் முதல் 300 வாட் வரையிலான எஸ்.எம்.பி.எஸ்.தான் பெரும்பாலும் இருக்கும். அதன் உருவமும் இணைப்பும் வேறாக இருப்பதால் கடையில் கிடைக்கும் பொது வகையை அதில் பொருத்தவும் இயலாது போகலாம். அத்தகையோர் 75 வாட்டுக்கு உட்பட்ட கார்டோடு திருப்தி அடைவதே அறிவுடைமை.

மின்கட்டணத்தைப் பற்றிய அச்சம்

“550 வாட் என்றால் கரண்ட் பில் ஏறிவிடுமே” என்று தாய்மார்கள் அஞ்சுவதைக் கேட்டிருக்கிறேன். இந்த அச்சம் தேவையற்றது. எஸ்.எம்.பி.எஸ். மேல் எழுதியிருப்பது அது தரக்கூடிய உச்ச அளவு. பாகங்கள் கேட்பதை மட்டுமே அது கொடுக்கும். பெரிய அண்டா வைத்திருப்பதால் வீட்டில் தினமும் அண்டா நிறையச் சோறாக்குவதில்லை அல்லவா?

கட்டணத்தைக் கூட்டுவது தரமின்மைதான். சுவரிலிருந்து வாங்கும் மின்சாரத்தில் ஒரு பகுதியை எஸ்.எம்.பி.எஸ். வெப்பமாக வீணாக்குகிறது. 2004-இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘80 பிளஸ்’ சான்று, எண்பது விழுக்காட்டுக்குக் குறையாமல் பயனாக மாற்றுகிறதா என்பதைச் சோதித்து வழங்கப்படுவது. நாம் கண்ட 337 வாட்டையே எடுத்துக்கொள்வோம். 85 விழுக்காடு திறன் உள்ள பெட்டி சுவரிலிருந்து ஏறத்தாழ 400 வாட் இழுக்கும். 70 விழுக்காடு திறன் மட்டுமே உள்ள பெட்டி ஏறத்தாழ 480 வாட் இழுக்கும். தினம் மூன்று மணி நேர வேலைக்கு முன்னது 1.2 யூனிட், பின்னது 1.44 யூனிட். மாதம் ஏழு யூனிட் வித்தியாசம். வீணாகும் வெப்பம் பெட்டிக்குள்ளேயே தங்கி மற்றப் பாகங்களின் ஆயுளையும் குறைக்கும்.

மின்வெட்டுக்காக யு.பி.எஸ். வைத்திருப்பவர்கள் அதன் அளவையும் பார்க்க வேண்டும். ‘600 வி.ஏ.’ என்று விற்கப்படும் சிறிய யு.பி.எஸ். தரும் உண்மையான வலிமை பொதுவாக 360 வாட் அளவே. சுவரிலிருந்து 400 வாட் இழுக்கும் கணிப்பொறியை அதில் மாட்டினால், மின்சாரம் போன அதே நொடியில் யு.பி.எஸ்.ஸும் கைவிட்டுவிடும். இங்கும் பெரிய எழுத்து ஒன்று, உண்மை வேறு.

கவனிக்க வேண்டியவை

கார்டு வாங்கப் புறப்படுமுன், வீட்டிலுள்ள எஸ்.எம்.பி.எஸ். சீட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட்டுக்கு நேரான ஆம்பியரைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். கார்டும் பிராசசரும் கேட்பதோடு ஐம்பது வாட்டைக் கூட்டி, அந்த மொத்தத்தின் ஒன்றரை மடங்கோடு ஒப்பிடுங்கள். கார்டின் மின் இணைப்பு எத்தனை முனை என்று கேளுங்கள். அதே இணைப்பு எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து நேரடியாக வருகிறதா என்று பாருங்கள். மாற்றுக் கம்பியால் சரிசெய்துவிடலாம் என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். பிராசசருக்குரிய எட்டு முனை இணைப்பும் கார்டுக்குரிய எட்டு முனை இணைப்பும் தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தாலும் அவற்றின் மின் ஓட்ட அமைப்பு எதிரெதிரானது. பலவந்தமாக அழுத்தி ஒன்றை மற்றொன்றில் நுழைக்கக் கூடாது. கழற்றி மாட்டும் கம்பிகள் உள்ள எஸ்.எம்.பி.எஸ். ஆனால், அதனோடு வந்த கம்பிகளையே உபயோகிக்க வேண்டும். வேறு நிறுவனத்தின் கம்பி பொருந்துவதுபோல் தோன்றினாலும் முனைகளின் வரிசை மாறியிருக்கும்.

பழுதானால் அந்த இரும்புப் பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அதனுள்ளே முந்நூறு வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தம் தேங்கியிருக்கக்கூடும். பிளக்கின் மூன்றாவது முனையை வெட்டி இரண்டு முனைத் துளையில் மாட்டும் பழக்கத்தையும் அறவே கைவிட வேண்டும். நம் பிள்ளைகளின் உயிருக்கு அந்த நில இணைப்புக் கம்பி ஒரு காவல்.

அளவையும் அமானிதமும்

அளவையில் மோசம் செய்வோரை எச்சரிப்பதற்கென்றே திருமறையில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. அது 83-ஆவது அத்தியாயமான ‘அல்-முதஃப்பிஃபீன்’. அதனை ஓதும்போது படியும் தராசும் மட்டுமே நம் நினைவுக்கு வருகின்றன. வாட்டும் ஆம்பியரும் அளவைகளே அன்றோ! தானியக் குவியலுக்குள் கையை விட்டு, மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்ததைக் கண்ட நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அந்த வியாபாரியைக் கண்டித்த நிகழ்ச்சியை நாம் அறிவோம். மழையில் நனைந்துவிட்டது என்பது அவர் கூறிய சமாதானம். நனைந்தது குற்றமாகவில்லை, நனைந்ததை மக்கள் காணாதபடி அடியில் வைத்ததே குற்றமாயிற்று. 450 என்பதைப் பெரிதாகவும் 16 என்பதைப் பொடியாகவும் அச்சிட்ட பெட்டியைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தத் தானியக் குவியல்தான் நினைவுக்கு வருகிறது.

வெளித்தோற்றத்தைக் கொண்டு மதிப்பிடாமல் அளந்தறிவது நம் முன்னோர் வளர்த்த கலை. மெர்வ் நகரில் வாழ்ந்த அறிஞர் அல்-காஸினீ, 1121-ஆம் ஆண்டளவில் ‘மீஸானுல் ஹிக்மா’ என்ற நூலை எழுதினார். ‘ஞானத்தின் தராசு’ என்பது அப்பெயரின் பொருள். பார்வைக்குத் தங்கமாகத் தெரிவது உண்மையில் தங்கமா, கலப்பா என்பதை, காற்றிலும் நீரிலும் எடைபோட்டுக் கண்டறியும் முறைகளை அவர் அதில் விவரித்தார். ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் அவ்வளவு நுட்பமாக அளந்த சமுதாயத்தின் வழித்தோன்றல்கள், சீட்டில் அச்சிட்டிருக்கும் இரண்டு எண்களைப் பெருக்கிப் பார்க்கவும் சோம்பலாமா?

கணிப்பொறிக் கடை வைத்திருக்கும் நம் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கார்டு கேட்டு வருகிறவரிடம், “உங்கள் எஸ்.எம்.பி.எஸ். என்ன?” என்று நீங்களே முதலில் கேளுங்கள். அதனால் அன்றைய வியாபாரம் ஒன்று தள்ளிப்போகலாம். அந்தக் கேள்வியால் கிடைக்கும் நம்பிக்கை பல ஆண்டுகள் நிற்கும். குறையை மறைத்து விற்ற பொருளில் பரக்கத் இருப்பதில்லை.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. இயந்திரம் ஒன்று நின்றுபோனால், முதல் சந்தேகம் பிள்ளையின் மேல் விழுவது இன்று பல இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. விசாரியாமல் கொள்ளும் தவறான எண்ணத்தை நம் மார்க்கம் பாவமாகக் கருதுகிறது. அயலாரைப் பற்றி எண்ணும்போது இதனை நினைவுகூர்கின்ற நாம், பெற்ற மகனைப் பற்றி எண்ணும்போது மறந்துவிடுகிறோம். கார்டு கெட்டால் மற்றொன்று வாங்கலாம். சொல்லாத பொய்யைச் சொன்னதாகக் கேட்ட பிள்ளையின் மனம் அவ்வளவு எளிதில் ஆறுவதில்லை. ஆகவே, குற்றம் சொல்லுமுன் பெட்டியைத் திறந்து சீட்டைப் படியுங்கள்.

சுமையை ஏற்றுமுன் வலிமையை அறிதல் இறைவன் நமக்குக் காட்டியிருக்கும் ஒழுங்கு. தன் அடியார் எவர்மீதும் அவரால் தாங்க இயலாததை அவன் சுமத்துவதில்லை என்பது நம் ஈமானின் ஆறுதல். நம் கைக்கு வந்த பொருள்களிடமும், நம் பொறுப்பில் விடப்பட்ட பிள்ளைகளிடமும் அதே நீதியோடு நடந்துகொள்ள வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.